பங்குக்கு வெட்டுவதா, சொந்தக் கடையா, ஏசி சலூனா? குமரி மாவட்டத்துக்கான ஒரு வரவு செலவுக் கணக்கு

முடிதிருத்தும் தொழிலில் தேர்ச்சி பெற்று, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பிறர் கடையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவருக்குக் கையில் இரண்டு மூன்று லட்சம் ரூபாய் சேர்ந்தவுடன் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். இருக்கிற இடத்திலேயே வசூலில் ஒரு பங்குக்கு வெட்டிக்கொண்டிருப்பதா, ஊர் ஜங்ஷனில் இரண்டு நாற்காலி போட்டுச் சொந்தக் கடை திறப்பதா, அல்லது கடன் வாங்கி நகரத்தில் ஏசி சலூன் வைப்பதா? வளைகுடாவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் "பணம் நான் போடுகிறேன், கடையை நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டால் மூன்றாவது வழிதான் முதலில் கண்ணில் படும். மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

அந்த அளவுகோல் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தகப்பனும் மகனும் ஒரே கடையில் நின்று வெட்டிய காலத்தில் யாருடைய கூலியையும் யாரும் எழுதி வைக்கவில்லை. இரவில் கல்லாவில் மிஞ்சியது வீட்டுக்குப் போனது, அதற்கு லாபம் என்று பெயர். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. கடைக்காரர் தம் கையால் வெட்டிச் சம்பாதித்ததைக் கூலியாக ஒதுக்கிவிட்டு, போட்ட முதலுக்கு வங்கி தந்திருக்கக்கூடிய வட்டியையும் கழித்த பிறகு எஞ்சுவது மட்டுமே கடையின் லாபம். இந்த இரண்டையும் கழிக்காமல் "மாதம் இருபதாயிரத்துக்கு மேல் நிற்கிறது" என்று சொல்பவர், பிறர் கடையில் நின்றாலும் அதே தொகையை எடுத்திருப்பார் என்பதைக் கவனிப்பதில்லை.

கீழே வரும் விலைகளும் வாடகைகளும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. வடசேரியின் வாடகை கருங்கலில் இருக்காது. அவரவர் ஊர்த் தொகையை அந்தந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளரைத் தொழில் வழக்கப்படி ஒரு தலை என்றே குறிப்பிடுகிறேன்.

பங்கு முறையிலிருந்து தொடங்குவோம். நாகர்கோவிலில் ஓரளவு ஓடும் கடையில், செவ்வாய் விடுமுறை போக, திங்கள், புதன், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு நாளும் நாளுக்கு 8 தலை, சனிக்கிழமை 14, ஞாயிறு 22 என்று ஒரு நாற்காலிக்கு வாரத்தில் 68 தலை வருவதாகக் கொள்வோம். கட்டிங், ஷேவிங், டை எல்லாம் கலந்து சராசரியாகத் தலைக்கு 140 ரூபாய் என்றால், மாதத்துக்கு 4.33 வாரம் என்ற கணக்கில், ஏறத்தாழ 41,200 ரூபாய் வசூலாகும். பாதிக்குப் பாதி என்ற வழக்கப்படி வெட்டுபவருக்கு 20,600 ரூபாய். இதற்கு அவர் போட்ட முதல் ஒரு செட் கத்தரி, சீப்பு, ட்ரிம்மர். வாடகை, மின்கட்டணம், பிளேடு, கிரீம், துண்டு எதுவும் அவர் கணக்கில் இல்லை. காலையில் கடை திறக்கத் தாமதமானால் கவலைப்பட வேண்டியதும் அவர் இல்லை.

பங்கு முறையின் குறை கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும். ஒவ்வொரு நாற்காலிக்கும் நோட்டில் தனிப் பத்தி போட்டு, ஒவ்வொரு தலை முடிந்ததும் ஒரு கோடு இழுத்துத் தொகையை எழுதுவார்கள். இரவில் கூட்டிப் பாதியைக் கொடுப்பார்கள். இப்போது வாடிக்கையாளர்களில் பலர் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார்கள். பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இரவில் கல்லாவில் பங்கு கொடுக்கும் அளவுக்கு ரொக்கம் இருப்பதில்லை. "நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பங்குக்கு நிற்பவர் தம் தலைக் கணக்கைத் தாமும் தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அதைவிடப் பெரிய குறை, விலையை உயர்த்தும் உரிமை அவருக்கு இல்லாததும், அவருக்காகவே வருகிற வாடிக்கையாளரின் பணத்திலும் பாதி என்றைக்கும் கடைக்கே போவதும் ஆகும்.

இனிச் சொந்தக் கடை. திங்கள்சந்தை போன்ற ஓர் ஊரில், பிரதான சாலையை விட்டுச் சற்று உள்ளே, 8,000 ரூபாய் வாடகையில் இரண்டு நாற்காலிக் கடை. அட்வான்ஸ் ஒரு லட்சம். நாற்காலிகள் 30,000; கண்ணாடி, மேடை, வயரிங், வெள்ளையடிப்பு 80,000; மெஷின்களும் சில்லறைச் சாமான்களும் 15,000; இன்வெர்ட்டர் 25,000; பெயர்ப் பலகையும் பிறவும் 10,000. வாடிக்கை பிடிக்கும் வரை கடையைத் தாங்குவதற்கு 60,000 கையில் வேண்டும். ஆக மொத்தம் 3,20,000 ரூபாய். அந்தக் கைக்காசை ஒதுக்காமல் கடை திறப்பவர்கள்தான் மூன்றாம் மாத வாடகைக்கு வட்டிக்காரரிடம் போகிறார்கள்.

நகரத்தைவிட விலை சற்றுக் குறைவு. தலைக்குச் சராசரி 120 ரூபாய். வாடிக்கை பிடித்த பிறகு கடைக்காரர் வாரத்தில் 60 தலை வெட்டுகிறார். சனி, ஞாயிறு மட்டும் பங்குக்கு ஒருவரை வரவழைக்கிறார். அவர் 28 தலை வெட்டுகிறார். மாத வசூல் 31,200, 14,500 ஆகச் சேர்ந்து 45,700 ரூபாய். உதவியாளரின் பங்கு 7,250. வாடகை 8,000, மின்சாரம் 1,500, பிளேடு முதல் டை வரையிலான சாமான்கள் 3,600, தண்ணீர், டீ, துணி வெளுப்பு 1,200, தேய்மானத்துக்கும் பழுதுக்கும் ஒதுக்க வேண்டியது 1,500. எல்லாம் போகக் கடைக்காரர் கையில் நிற்பது 22,650 ரூபாய்.

பங்குக்கு நின்றபோது கிடைத்த 20,600 ரூபாயைக் கூலியாகக் கழித்தால் 2,050 ரூபாய் மிஞ்சும். 3,20,000 ரூபாயை ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் மாதம் 1,870 ரூபாய் வந்திருக்கும். அதையும் கழித்துவிட்டால் கடையின் உண்மையான லாபம் இருநூறு ரூபாய்கூட இல்லை.

இதைப் பார்த்துச் சொந்தக் கடை வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூடுதலாக வருகிற ஒவ்வொரு தலையும் என்ன தருகிறது என்பதில்தான் சொந்தக் கடையின் பலம் இருக்கிறது. வாரத்துக்குப் பத்துத் தலை அதிகமானால் பங்குக்கு நிற்பவருக்கு மாதம் 3,000 ரூபாய்தான் கூடும். சொந்தக் கடையில் சாமான் செலவாகத் தலைக்குப் பத்து ரூபாய் போக மீதி 110 ரூபாயும் கடைக்காரருக்கே என்பதால் 4,700 ரூபாய் கூடும். வாடகை பத்துப் பைசா கூடாது. ஆகவே தம் பெயரைச் சொல்லித் தேடி வரும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் கடை மாறினாலும் கூட வருவார்கள் என்பதே இவ்விரண்டு வழிகளுக்கிடையே தீர்ப்பு. நாகர்கோவிலில் வெட்டுபவர் திங்கள்சந்தையில் கடை திறந்தால், கோட்டாற்று வாடிக்கையாளர் அவ்வளவு தூரம் பயணம் செய்து வரமாட்டார். பழைய வாடிக்கையை அப்படியே கூட்டிக்கொண்டு போக முடியாத தொலைவில் கடை போடுபவர், புதிதாக ஊன்ற வேண்டியிருக்கும் என்பதை எண்ணியே முதலைக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது நாற்காலியில் முழுநேரமும் ஆள் போட்டால் வசூல் பெருகும் என்று நினைப்பது இயல்பு. மேற்சொன்ன ஊரில் வாரம் முழுவதும் அந்த நாற்காலிக்கு 40 தலைதான் வரும் என்றால், பங்குக்கு நிற்பவருக்கு மாதம் 10,400 ரூபாய்தான் கிடைக்கும். அந்தத் தொகைக்கு எவரும் நிலைத்து நிற்க மாட்டார். இரண்டாம் மாதமே வேறு கடை பார்ப்பார். ஆளைப் பிடித்து வைக்க நாளுக்கு 600 ரூபாய் உறுதிக் கூலி பேசினால் மாதம் 15,600 ஆகிறது. அந்த நாற்காலியின் வசூல் 20,800. கூலியும் சாமானும் போகக் கடைக்காரருக்கு நிற்பது 3,500 ரூபாய். சனி, ஞாயிறு மட்டும் வரும் ஆளோ அவருக்கு 6,000 ரூபாய் ஈட்டித் தருகிறார். கடைக்குள் எப்போதும் இரண்டு பேர் நிற்பது பார்வைக்கு நன்றாக இருக்கும். இந்த அளவுள்ள ஊரில் கணக்குக்கு அது நன்றாக இல்லை.

கத்தரியே பிடிக்கத் தெரியாத முதலாளி இதே கடையை இரண்டு பங்குக்காரர்களை வைத்து நடத்தினால் எப்படி இருக்கும்? இரண்டு நாற்காலியும் வாரத்துக்கு 60 தலை வீதம் ஓடினால் வசூல் 62,400. பாதி போய், வாடகை முதலான 17,500 ரூபாயும் போனால் 13,700 மிஞ்சும். போட்ட முதலுக்கு இது கண்ணைக் கவரும் வருமானம்தான். ஆனால் இந்த வருமானம் முழுவதும் வெட்டுபவரின் விரலில் நிற்கிறது. அவர் எதிர்ச்சாரியில் தனிக்கடை போட்ட அன்றைக்கு வாடிக்கையாளர் சாலையைக் கடந்துவிடுவார். வெளிநாட்டிலிருந்து வந்து சும்மா இருக்க வேண்டாமே என்று சிறு சலூன் திறக்க எண்ணுவோருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழியான ஏசி சலூன் வேறு வகைத் தொழில் என்றே சொல்லலாம். நாகர்கோவிலில் நல்ல சாலையில் நான்கு நாற்காலியும் ஒரு தனியறையும் கொண்ட, ஆண் பெண் இருபாலாருக்குமான கடைக்கு வாடகை 30,000, அட்வான்ஸ் 3 லட்சம் என்று கொள்வோம். உள்வேலைப்பாடு 6 லட்சம். இரண்டு ஏசி 90,000. நாற்காலிகளும் தலை கழுவும் இருக்கையும் 1,50,000. இன்வெர்ட்டர், பில் மென்பொருள், பலகை 60,000. கைக்காசு 2 லட்சம். மொத்தம் 14 லட்சம். இதில் 9 லட்சம் கடன். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள 'தருண்' பிரிவில் இது அடங்கும்; சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் 19,600 ரூபாய் கட்ட வேண்டும். ஒப்புநோக்க, இரண்டு நாற்காலிக் கடைக்குக் கடன் வேண்டுமென்றால் 50,000 முதல் 5 லட்சம் வரையுள்ள 'கிஷோர்' பிரிவே போதும்.

இங்கே பங்கு முறை நடக்காது, மாதச் சம்பளம்தான். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் ஆகிய நான்கு பணியாளருக்கு 80,000, பில் போடவும் பெருக்கவும் ஒருவருக்கு 10,000. உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞர்களை வேலைக்கு வைத்தால் தங்குவதற்கு அறை எடுத்துக் கொடுக்க வேண்டும்; அதற்கு 8,000. மின்கட்டணம் வணிக விகிதத்தில் கணக்கிடப்படுவதால் இரண்டு ஏசிகளுடன் மாதத்துக்கு 9,000 ஆகிறது. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியை முதல் மாதமே எடுத்து வைக்காதவர் திணறுவார். பழுது, விளம்பரம், தொலைபேசிக்கு 7,000. வாடகையும் கடன் தவணையும் சேர்த்தால், ஒருவர்கூட உள்ளே வராவிட்டாலும் மாதம் 1,63,600 ரூபாய் வெளியே போகும்.

இதற்கு மேல் வசூலோடு கூடும் செலவுகள் இருக்கின்றன. சாமான்கள் 12 சதவீதம், பணியாளர் ஊக்கத்தொகை 5 சதவீதம், பிறகு ஜிஎஸ்டி. சலூன் சேவைக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்தது நல்லதுதான் என்றாலும், அதோடு உள்ளீட்டு வரி கழிவும் நின்றுபோனது. ஏசிக்கும் நாற்காலிக்கும் ஷாம்புக்கும் கட்டிய வரியை இனித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்டு வசூல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 300 ரூபாய் என்று பலகையில் எழுதிவிட்டுப் பில்லில் 315 கேட்டால் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள் என்பதால், அந்த 5 சதவீதம் பெரும்பாலும் கடைக்காரரின் பையிலிருந்தே போகிறது. இரண்டு நாற்காலிக் கடையின் ஆண்டு வசூல் ஐந்தரை லட்சம் அளவில் நிற்பதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

ஆக, வசூலாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 78 ரூபாய்தான் நிலையான செலவுகளைக் கட்ட மிஞ்சுகிறது. கடைக்காரர் தமக்கு 25,000 ரூபாய் கூலி எடுத்துக்கொண்டு, லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கவே மாதம் 2,42,000 ரூபாய் வசூல் வேண்டும். நாள் விடாமல் திறந்தாலும் நாளொன்றுக்கு 8,060 ரூபாய். தலைக்கு 300 ரூபாய் வீதம் 27 பேர். வெறும் கட்டிங்கால் தலைக்கு 300 ரூபாய் வராது. ஃபேஷியல், ஹேர் கலரிங், ஸ்ட்ரெய்ட்னிங், மணப்பெண் அலங்காரம் ஆகியவற்றால்தான் வரும். அதாவது பெண் வாடிக்கையாளர் இல்லாமல் இந்தக் கடை நிற்காது. அவர்கள் நம்பி வரவேண்டுமென்றால் திறமையான பெண் பணியாளர் நிலைத்து நிற்க வேண்டும். ஸ்ட்ரெய்ட்னிங் போன்ற வேலை ஒரு நாற்காலியை மூன்று நான்கு மணி நேரம் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதை ஞாயிறு முற்பகலில் ஒப்புக்கொள்ளாமல் கடை காலியாகக் கிடக்கும் புதன், வியாழன் பிற்பகலுக்குத் தள்ளிவிடுகிற சாமர்த்தியமும் வேண்டும்.

அந்த 2,42,000 ரூபாய் வசூலைத் தாண்டிவிட்டால் மற்ற இரண்டு வழிகளும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. நாளுக்கு 39 பேர் வந்து மாத வசூல் 3,50,000 ஆனால், தவணையும் கட்டி 1,09,000 ரூபாய் கடைக்காரரிடம் நிற்கும். இதைச் சொல்லித்தான் கடையை விற்பவர்களும் கிளை கொடுக்கும் நிறுவனங்களும் ஆசை காட்டுகிறார்கள். நேச்சுரல்ஸ், கிரீன் டிரெண்ட்ஸ் போன்ற பெயர் பெற்ற சங்கிலிக் கடைகளின் கிளையை எடுப்பது பற்றி ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன்: பெயருக்காகக் கொடுக்கும் பங்கு லாபத்தில் கணக்கிடப்படுகிறதா வசூலில் கணக்கிடப்படுகிறதா என்று பாருங்கள். வசூலில் என்றால், அந்த 78 ரூபாயிலிருந்து இன்னும் சில ரூபாய் நட்ட மாதத்திலும் கழியும்.

நட்ட மாதங்கள் குமரி மாவட்டத்தில் தற்செயலாக வருவதில்லை, பஞ்சாங்கத்திலேயே இருக்கின்றன. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் மலைக்குப் போய்த் திரும்பும் வரை கத்தி வைக்க மாட்டார்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கத்துக் கடைகளில் அந்த நாள்களின் அமைதியை உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கம் கிறிஸ்துமஸ் கூட்டம் டிசம்பரை ஈடுகட்டிவிடும். குளச்சல், முட்டம் கடற்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடல் விசைப்படகுத் தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது ஆட்கள் ஊரில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. கடன் நோட்டு தடிக்கும். குலசேகரம், அருமனைப் பக்கம் மழை விடாமல் பெய்தால் ரப்பர் பால்வெட்டு நின்று, அந்தக் கூலியை நம்பிய வீடுகள் முடிவெட்டுவதைத் தள்ளிப் போடும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணம் இல்லை, தவக்காலத்தில் கிறிஸ்தவத் திருமணம் இல்லை என்பதால் மணப்பெண் அலங்கார வருமானமும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வராது.

இத்தகைய ஒரு மாதத்தில் வசூல் முப்பது சதவீதம் குறைந்தால் என்னவாகும்? பங்குக்கு நிற்பவர் 14,400 ரூபாயோடு வீட்டுக்குப் போவார். இரண்டு நாற்காலிக்காரரிடம் சுமார் 12,000 நிற்கும். உதவியாளரின் கூலியும் வசூலோடு சேர்ந்தே குறைவது அவருக்குக் கைகொடுக்கும். 2,42,000 ரூபாய் அளவில் ஓடிக்கொண்டிருந்த ஏசி சலூனோ 1,69,000 ஆக இறங்கி, கடைக்காரர் தமக்கென்று ஒரு ரூபாய்கூட எடுக்காத நிலையிலும் 31,600 ரூபாய் துண்டு விழும். இரண்டு மாதம் இப்படிப் போனால் 60,000 ரூபாய்க்கு மேல். மேலே 2 லட்சம் கைக்காசு என்று எழுதியது இதற்காகத்தான். அந்தப் பணத்தையும் சுவர்க் கண்ணாடியில் போட்டுவிட்டவர்கள் சீட்டை எடுத்துத் தவணை கட்டுகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், தேடி வரும் வாடிக்கையாளர் வாரத்துக்கு எழுபது பேருக்கு மேல் இருந்து, அவர்கள் நடந்தோ பைக்கிலோ வரக்கூடிய தொலைவில், எதிர்பார்க்கும் வசூலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாத வாடகையில் இடம் கிடைத்தால் இரண்டு நாற்காலிக் கடையே சரி. அந்த எண்ணிக்கை வரும் வரை பங்குக்கு நிற்பதில் குறைவொன்றும் இல்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில் வந்தவர் மறுபடி வருவது அரிது. கன்னியாகுமரியின் சுற்றுலாத் தெருக்களும் அப்படியே. ஏசி சலூன், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஆட்களையும் கணக்கையும் மேய்க்க மனமுள்ளவருக்கு உரியது; நன்றாக வெட்டுகிறார் என்பது மட்டும் அதற்குத் தகுதி ஆகாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் இங்கே வழக்கம். 80,000 ரூபாய் வேலைப்பாடு செய்த கடைக்கு அது போதும். நாற்காலியையும் கண்ணாடியையும் வண்டியில் ஏற்றி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விடலாம். 6 லட்சம் ரூபாயைச் சுவரிலும் தரையிலும் கூரையிலும் பதித்தவர் அப்படிப் போக முடியாது. கடன் தவணை ஐந்து ஆண்டு என்றால் ஒப்பந்தமும் ஐந்து ஆண்டுக்கு இருக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை கூடும் என்பது அதிலேயே எழுதப்பட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். இதற்குக் கட்டிட உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஏசி சலூன் வேண்டாம்.